ப்ராசஸர் மாற்றம்: கையைக் கடிக்காத கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோயின. சரி, விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம் என்று முயன்ற பலருக்கு, அவர்களுடைய ப்ராசஸர் அதற்குத் தகுதி பெறாது என்ற செய்திதான் திரையில் வந்தது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை. ஒரு சில விதிவிலக்குகள் தவிர அதற்கு முந்தையவற்றை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. 2017-இல் ஆசையாகப் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த ரைசன் 5 1600 கணினியும், அதே ஆண்டு வாங்கிய இன்டெல் ஐ5-7400 கணினியும் சேர்ந்தே அந்த வாசலில் நிறுத்தப்பட்டன. இரண்டுக்கும் ஒரே வயது. ஆனாலும் ப்ராசஸரை மட்டும் மாற்றலாமா என்று கேட்டால், ஒன்றுக்கு 'தாராளமாக' என்றும் மற்றதற்கு 'வேண்டவே வேண்டாம்' என்றும்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ப்ராசஸரின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைப் பொருத்துவதற்கான செலவையும், பொருத்திய பிறகு உண்மையில் மிச்சமாகும் நேரத்தையும் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. முடிவு இந்த இரண்டில்தான் இருக்கிறது.

எங்கே காத்திருக்கிறோம்?

ஒரு கணக்குப் பிள்ளையின் மேசையை எடுத்துக்கொள்வோம். பில் போடும் மென்பொருளில் ஓர் அறிக்கையைத் திறக்க 10 விநாடி ஆகிறது. அதில் 7 விநாடி ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வந்து சேர்வதற்கும், 3 விநாடி ப்ராசஸர் கணக்குப் போடுவதற்கும் போகிறது. இரண்டு மடங்கு வேகமான ப்ராசஸரை வாங்கிப் போட்டால் அந்த 3 விநாடி ஒன்றரை விநாடியாகும். மொத்தம் 10 விநாடி 8.5 ஆகும். அவ்வளவே. கடையில் 'டபுள் ஸ்பீட்' என்று விற்கப்பட்ட பொருள், அந்த மேசையில் 15 சதவீத நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும். 1967-இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், மீதிப் பகுதி பிடித்து நிறுத்திவிடும். அம்டால் பேசியது ஒரே வேலையைப் பல ப்ராசஸர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைப் பற்றி. வீட்டுக் கணினிக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

ஆகவே முதல் வேலை, அளப்பது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த வேலை எரிச்சலூட்டுகிறதோ அந்த வேலையைச் செய்துகொண்டே அதில் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்: சி.பி.யு., மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு சி.பி.யு. 20-இல் இருந்தால், குற்றவாளி ப்ராசஸர் அல்ல. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் எந்தக் கணினியிலும் பணம் முதலில் போக வேண்டிய இடம் எஸ்.எஸ்.டி. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் ராம். 8 ஜிபி ராமில் குரோமும் ஃபோட்டோஷாப்பும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணினிக்கு எந்த ப்ராசஸரும் உயிர் கொடுக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் முதலில் காட்டும் சி.பி.யு. சதவீதம் எல்லாக் கோர்களின் சராசரி. ரைசன் 5 1600-இல் 6 கோர், 12 த்ரெட். ஒரே த்ரெட்டில் மட்டும் ஓடத் தெரிந்த ஒரு பழைய மென்பொருள் அதில் ஒன்றை முழுவதுமாகத் திணறடித்தாலும், மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான் தெரியும். பார்ப்பவர் 'ப்ராசஸர் சும்மாதானே இருக்கிறது' என்று எண்ணிவிடுவார். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு. வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசஸர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிவிட்டால் 12 சிறு கட்டங்கள் வரும். அதில் ஏதோ ஒன்று அடிக்கடி உச்சியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால், தேவைப்படுவது கோர் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு கோரின் வேகம். 12-உம் சேர்ந்து உச்சியில் நின்றால்தான் கூடுதல் கோர் உதவும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் 16 கோர் ப்ராசஸருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஆட்டோகேடில் ஒரு மாற்றமும் இல்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

விளையாடுபவர்களுக்குச் சோதனை இன்னும் எளிது. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் ஆடிப் பார்க்க வேண்டும். திரையில் சித்திரம் மங்கும், அது பரவாயில்லை. ஃப்ரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால், இதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் ப்ராசஸர். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல், இரண்டு பாகங்களின் பெயரைத் தட்டினால் 'இத்தனை சதவீதம் பாட்டில்நெக்' என்று சொல்லும் கால்குலேட்டர்களை நம்புவது வீண். விளையாட்டுக்கு விளையாட்டு, ரெசல்யூஷனுக்கு ரெசல்யூஷன் அந்த எண் மாறும். இரண்டு பெயர்களை மட்டும் வைத்து ஒற்றை எண் சொல்ல வழியே இல்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்களின் சிக்கல் தனி ரகம். சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் 4:2:2, 10-பிட் முறையில் பதிவு செய்கின்றன. இந்த வகைக் கோப்பை விரிப்பதற்கான வன்பொருள் வசதி பல கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லாததால், முழுச் சுமையும் ப்ராசஸரின் தலையில் விழுகிறது. டைம்லைனில் படம் தத்தித் தத்தி ஓடுகிறது. ஹெச்.இ.வி.சி. வகை என்றால், இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த வேலையைத் தனியே எடுத்துக்கொள்ளும்; என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் 4:2:2 நுழைந்தது. இப்படிப்பட்ட இடத்தில் கோர் எண்ணிக்கையைவிட இந்த ஒரு வசதி இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. அதற்கும் முன்னால், ப்ராக்ஸி என்னும் சிறு கோப்புகளை உருவாக்கி எடிட் செய்து பார்த்துவிட வேண்டும். பிரீமியர், டாவின்ச்சி ரிசால்வ் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. அதற்குச் செலவாவது நேரமும் டிஸ்க்கில் கொஞ்சம் இடமும்தான்.

காசில்லாமல் கிடைக்கும் வேகம்

அளந்து பார்த்து ப்ராசஸர்தான் என்று உறுதியான பிறகும், பணப்பையைத் திறக்குமுன் இரண்டு மூன்று காரியங்கள் மிச்சம் இருக்கின்றன. டி.டி.ஆர்.4 ராமின் மேல் 3200 என்று அச்சிட்டிருக்கும், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை ஆன் செய்யாவிட்டால் அது பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். அசெம்பிள் செய்து கொடுத்த நாளிலிருந்து அப்படியே கிடக்கும் கணினிகள் ஏராளம். ரைசனில் கோர் தொகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ராமின் வேகத்தோடு பிணைந்தது என்பதால் அங்கே இழப்பு கூடுதல். (ரைசன் 1000 வரிசை 3200-ஐத் தாங்க மறுப்பதும் உண்டு, அப்போது 2933-க்கு இறக்கிக்கொள்ளலாம்.) ராம் ஒரே குச்சியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பது மெமரிப் பாதையை இரட்டிப்பாக்கும்.

பிறகு சூடு. ஆறேழு வருடத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஃபேனில் தூசி அடைத்து, சென்னை மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் ஓடும் ப்ராசஸர், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, வேலை நடக்கும்போது வெப்பமும் கிகாஹெர்ட்ஸும் எப்படிப் போகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். வெப்பம் 95 டிகிரிக்கு ஏறி வேகம் இறங்கினால், தேவை ஒரு பேஸ்ட் டியூபும் ஒரு பிரஷும்.

சாக்கெட் சொல்லும் தீர்ப்பு

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இன்டெலின் 4-ஆம் தலைமுறைக்குப் பிறகு மடிக்கணினி ப்ராசஸர்கள் ஏறக்குறைய எல்லாமே மதர்போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டவை. கழற்றி மாட்ட முடியாது. அங்கே எஸ்.எஸ்.டி., ராம், பேஸ்ட் மூன்றோடு கதை முடிந்தது.

மேசைக் கணினியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது சாக்கெட். ப்ராசஸர் மருமகள் மாதிரி. வந்தால் தனியாக வர வேண்டும், குடும்பத்தையே மாற்றச் சொன்னால் கட்டுப்படியாகாது. ஐ5-7400 உட்காருவது எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டில். 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 பின்கள்தான். ஆனால் மின் இணைப்புகளின் அமைப்பை மாற்றி, 300 வரிசை சிப்செட் உள்ள புதுப் போர்டு வேண்டும் என்று இன்டெல் வைத்துவிட்டது. விளைவு, பழைய போர்டில் ஏறக்கூடிய உச்சம் ஐ7-7700கே. அதுவும் 2017 ஜனவரியில் வந்த சரக்கு, நான்கு கோர், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. பழைய மார்க்கெட்டில் அதற்கு இன்றும் விலை சொல்கிறார்கள் என்றால், இப்படி மாட்டிக்கொண்ட போர்டுகள் நிறைய இருக்கின்றன என்பதுதான் காரணம். 2022-இல் வந்த சாதாரண ஐ3-12100, அதே நான்கு கோரோடு 7700கே-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. பழைய ஐ7-க்குக் கொடுக்கும் பணத்தை அப்படியே வைத்திருந்து, போர்டோடு சேர்த்து மாறுவதுதான் அறிவு.

ரைசன் 5 1600-இன் கதை வேறு. 2017-இல் அது வந்த ஏ.எம்.4 சாக்கெட்டிலேயே 2018, 2019, 2020 என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. அது சும்மா வந்துவிடவில்லை. 2020 மே மாதத்தில் ஏ.எம்.டி., ரைசன் 5000 வரிசை பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. பி350, எக்ஸ்370, ஏ320 போன்ற முதல் வரிசைப் போர்டுகளுக்கு அந்த வாய்ப்பு 2022-இல்தான் கிடைத்தது. ஆக, 2017-இன் போர்டில் 2022-இன் ரைசன் 5 5600-ஐ வைக்கலாம். கோர் எண்ணிக்கை அதே 6. மின்சக்தி அதே 65 வாட். எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32 எம்பி. ஒற்றைக் கோரின் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விண்டோஸ் 11-உம் ஏற்றுக்கொள்ளும். ராம், போர்டு, பவர் சப்ளை எதையும் தொட வேண்டாம்.

ஒரே எழுத்து வித்தியாசத்தில் ஏமாறும் இடமும் இதுதான். ரைசன் 7 5700எக்ஸ் என்பதில் 32 எம்பி எல்3 கேஷ். எக்ஸ் இல்லாத 5700-இல் பாதிதான், பி.சி.ஐ.இ. பாதையும் பழைய 3.0. 5600-க்கும் 5500-க்கும் இடையிலும் இதே வேறுபாடு. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு வைத்திருக்காதவர் சில நூறு மிச்சம் என்று அதை வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

மொத்தமாக மாறுவதற்குச் செலவு எவ்வளவு என்பதை ராம் விலைதான் இப்போது தீர்மானிக்கிறது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5, இன்டெலின் எல்.ஜி.ஏ. 1851 இரண்டும் டி.டி.ஆர்.5-ஐ மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிச் செல்வதால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. கையில் நல்ல டி.டி.ஆர்.4 இருப்பவர் அதைத் தூக்கிப் போடக் கூடாத காலம் இது. 7-ஆம் தலைமுறை இன்டெல்காரருக்கும் இதில் ஒரு வழி உண்டு: மேலே சொன்ன ஐ3-12100 உட்காரும் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் டி.டி.ஆர்.4 ஏற்கும் போர்டுகள் வந்தன. போர்டும் ப்ராசஸரும் மட்டும் புதிதாக, ராம் பழையதாகவே மாறிக்கொள்ளலாம்.

நேரத்துக்கு என்ன விலை?

வீடியோ எக்ஸ்போர்ட் 40 நிமிடத்திலிருந்து 25 ஆகக் குறையும் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு எடிட்டர் சாப்பிடப் போகிறார், அல்லது இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறார் என்றால், அந்த 15 நிமிடத்தால் யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. மனிதர் திரையின் முன் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குத்தான் மதிப்பு. புரோகிராம் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் கம்பைல் ஆகும்வரை காத்திருக்கும் 40 விநாடி, நாளுக்கு எத்தனை முறை என்று பெருக்கினால், அந்த எக்ஸ்போர்ட்டைவிடப் பெரிய இழப்பு.

ஓர் உதாரணக் கணக்கு. புது ப்ராசஸருக்கு ஆகும் செலவு, பழையதை விற்றது போக 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதனால் காத்திருப்பு நாளுக்கு 10 நிமிடம் குறைகிறது. மாதம் 25 நாள் வேலை. மாதத்துக்கு 250 நிமிடம், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவருடைய ஒரு மணி நேரத்தின் வருமானம் 200 ரூபாய் என்றால், மாதம் சுமார் 830 ரூபாய். போட்ட பணம் ஓராண்டில் திரும்பிவிடும், நல்ல முதலீடு. இதே கணக்கில் போர்டு, ராம் எல்லாம் சேர்ந்து செலவு 35,000 ஆனால் மூன்றரை ஆண்டு. அதற்குள் அடுத்த தலைமுறை வந்து நிற்கும். மிக அவசரம் இல்லாதவர் பொறுத்திருக்கலாம். வீட்டில் விளையாடவும் படிக்கவும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஓர் எளிய அளவு: தாங்கள் செய்யும் அதே வேலையில், அதே விளையாட்டில் 30 சதவீதத்துக்குக் கீழே முன்னேற்றம் என்றால் கண்ணுக்கு அது அநேகமாகத் தெரியாது. விமர்சனங்களில் அந்த ஒரு வரைபடத்தை மட்டும் தேடிப் பார்த்தால் போதும்.

மாற்றும் நாளில்

முடிவு செய்துவிட்டால், ப்ராசஸரை வாங்குமுன் போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடலும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் பழைய பயாஸில் கணினி எழவே எழாது. யூ.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பாதியில் கரன்ட் போனால் போர்டே கல்லாகிவிடலாம். சில போர்டுகளில் நினைவகம் சிறிது என்பதால், புதிய பயாஸ் பழைய ப்ராசஸர்களுக்கான ஆதரவை நீக்கிவிடும் என்பதையும் குறிப்பில் படித்துக்கொள்ள வேண்டும்.

பலரும் மறப்பது பிட்லாக்கர். ரைசனில் டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதி ப்ராசஸரோடு சேர்ந்தது. அதை மாற்றியதும் பழைய சாவி போய்விடும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். முன்னதாகவே அதைக் குறித்து வைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட வேண்டும். கல்யாண ஆல்பம் பத்தும் அந்த டிஸ்க்கில் இருந்து, எண் இல்லாமல் நின்றால் எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது.

ஏ.எம்.4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டால் கூலரோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, மின்சாரத்தை நிறுத்திய பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதே வழி.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்குமோ பழைய ப்ராசஸர் வாங்குபவர்கள், பின்களை வெளிச்சத்தில் பார்த்து, தங்கள் கண்முன் ஓடவிட்டு வாங்க வேண்டும். பெட்டியில் வரும் புது ப்ராசஸருக்கு இன்டெலும் ஏ.எம்.டி.யும் 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன; 'ட்ரே' என்று உதிரியாக விற்பதற்கு அந்த நேரடி உத்தரவாதம் கிடையாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக மேசைக் கணினி ப்ராசஸர்கள் அளவு மீறிய மின்னழுத்தத்தால் உள்ளே சேதமடைந்து செயலிழந்த விவகாரத்தை, அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. மைக்ரோகோட் அப்டேட் மேற்கொண்டு சேதத்தைத் தடுக்கும், நடந்துவிட்டதைச் சரிசெய்யாது. பில் இல்லாத பழைய ஐ9-13900கே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாமல் இருப்பது நல்லது.

ரைசன் 5 1600 வைத்திருப்பவருக்கு 5600 போதும். விளையாட்டே பிரதானம், நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது என்றால் மட்டும் 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி-யைத் தேடலாம். அது புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது, கூலரும் தனியாக வாங்க வேண்டும். ஐ5-7400 வைத்திருப்பவர் அந்தப் போர்டுக்காக இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.